முக்கூடற் கல்வெட்டும் மாறிய நட்புகளும்

(திருமுக்கூடலில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



பாலாறும் சேயாறும் வேகவதியும் ஒன்று கூடுமிடம் திருமுக்கூடல். காஞ்சியில் பட்டுத் தறிகள் இயங்கும் தெருக்களை அடுத்துப் பாய்ந்து வரும் வேகவதி, இங்கே பாலாற்றிற் கலந்து தன் பெயரை இழக்கிறது. சேயாறும் அவ்வாறே. மழைக்காலம் நீங்கின் மூன்று ஆற்றுக்கும் மணலே எஞ்சும். எது எந்த ஆற்றின் மணல் என்று எவராலும் பிரித்துக் கூற இயலாது.

இவ்வூர்த் திருமால் கோயிலின் மதிலில் நீண்டதொரு கல்வெட்டுண்டு. அது வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. அவன் 1063-இல் முடி பெற்றவன். எனவே கல்வெட்டின் காலம் 1067-68. அக்கல்லில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதற்செய்தி வாள், அடுத்த செய்தி மருந்து.

முற்பகுதி அம்மன்னனின் மெய்க்கீர்த்தி. கூடல் சங்கமம் என்னுமிடத்தில் மேலைச் சாளுக்கியப் படையை அவன் முறியடித்த வெற்றியை அது விரித்துரைக்கிறது. பிற்பகுதி கோயிலைச் சார்ந்த கல்விச்சாலைக்கும் மருத்துவமனைக்கும் விடப்பட்ட அறத்தைக் கூறுகிறது. மருத்துவமனையின் பெயர் வீரசோழன். அதிற் படுக்கைகள் 15. நோய் நோக்கும் மருத்துவர் ஒருவர். அறுவை செய்வார் ஒருவர். மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து அட்டுவார் இருவர். நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் என்று ஊதியமும் எழுதப்பட்டுள்ளது. ஓராண்டுக்கு இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகள் பெயர் பெயராக எண்ணி வைக்கப்பட்டுள்ளன.

இன்று இவ்வூருக்கு வருவோரெல்லாரும் மருத்துவமனைச் செய்தியை வியந்து படிக்கின்றனர், வியக்கத் தக்கதே. ஆயின் வாளைப் பற்றிய பகுதியைத் தமிழர் எவ்வாறு படிக்கின்றனர்? சோழன் வென்றான், சாளுக்கியன் தோற்றான் என்று தோள் தட்டுவதோடு படிப்பு நின்றுவிடுகிறது. கல்வெட்டு நிற்குமிடத்தில் வரலாறு நிற்கவில்லை. இக்கல் வெட்டப்பட்ட மூன்றாண்டுக்குள் வீரராசேந்திரன் மறைந்தான். அவன் மகன் கொல்லப்பட்டான். விசயாலயன் தொடங்கிய ஆண்வழிச் சோழமரபு அரியணையை இழந்தது. வெற்றியைப் பொறித்த உளியின் கூர் மழுங்குமுன் இவ்வளவும் நிகழ்ந்தது எப்படி? இப்பொழிவின் வினா அதுவே.

வேங்கி என்னும் வாயில்

பதினோராம் நூற்றாண்டில் தென்னாட்டின் வல்லரசுகள் இரண்டு. தெற்கே தஞ்சையிலும் பின்னர்க் கங்கைகொண்ட சோழபுரத்திலும் இருந்தாண்ட சோழர். மேற்கே கலியாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கியர். கலியாணி இன்றைய கன்னட மாநிலத்தின் பீதர் மாவட்டத்திலுள்ளது. இவ்விரு பேரரசுக்கும் இடையிலும் பக்கத்திலும் கிழக்குக் கரையில் கிடந்தது வேங்கி நாடு. கிருட்டிணையும் கோதாவரியும் வண்டல் கொண்டு கொட்டும் நெல்வளம் மிக்க கழிமுகம் அது.

வேங்கியை ஆண்டோர் கீழைச் சாளுக்கியர். ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் புலிகேசியின் தம்பி அங்கு நிறுவிய அரசுமரபினர் அவர்கள். கலியாணியாரும் தம்மைப் புலிகேசியின் வழியினர் என்றே கூறிக்கொண்டனர். பெயர் ஒன்று, கொடிவழி ஒன்று, ஆயினும் இரு கிளையும் பகைத்து நின்றன. சோழரோடோ வேங்கியார்க்குக் குருதியுறவு முன்னம் இல்லை. ஆயினும் அவர்களே நெருங்கிய கொண்டுகொடுப்பாளர் ஆயினர்.

கரணியம் எளியது. கலியாணியின் கை வேங்கியிற் படின், சோழநாட்டின் வடவாயில் திறந்துவிடும். சோழனின் கை வேங்கியிற் படின், கலியாணியின் கிழக்கு விலாவில் வேல் பாய்ந்தது போலாகும். இருவருக்கும் வேங்கி தேவை. வேங்கிக்கோ இருவரில் ஒருவர் தேவை. அரசுகளின் நட்பு குடிப்பெயரைப் பார்த்து எழுவதன்று; எல்லைக்கோட்டைப் பார்த்து எழுவது.

மூன்று தலைமுறை மணவுறவு

973-இல் வேங்கி மன்னன் தானார்ணவன் கொல்லப்பட்டான். அவன் மைந்தர் சத்திவர்மனும் விமலாதித்தனும் சோழநாட்டில் அடைக்கலம் புகுந்தனர். முதலாம் இராசராசன் அவர்களுக்கு நிழல் தந்தான். பத்தாம் நூற்றாண்டின் இறுதியிற் படையனுப்பிச் சத்திவர்மனை வேங்கி அரியணையில் அமர்த்தினான். தன் மகள் குந்தவையை விமலாதித்தனுக்கு மணஞ்செய்து கொடுத்தான்.

அவ்விருவர் மகன் இராசராச நரேந்திரன். தெலுங்கிற் பாரதம் இயற்றத் தொடங்கிய நன்னயரைப் பேணிய மன்னன் இவனே. இவனுக்கு முதலாம் இராசேந்திரன் தன் மகள் அம்மங்கையைக் கொடுத்தான். அவர்கள் மகனுக்குப் பாட்டன் பெயரே இடப்பட்டது: இராசேந்திரன். அவனுக்கு இரண்டாம் இராசேந்திரன் தன் மகள் மதுராந்தகியைக் கொடுத்தான். மூன்று தலைமுறை, மூன்று சோழமகளிர், மூன்று பேரும் வேங்கிக்கு வாழ்க்கைப்பட்டனர்.

இதைச் சோழரின் சூழ்ச்சித்திறம் என்று வரலாற்றாசிரியர் பாராட்டுவதுண்டு. பாராட்டுக்குரியதே. வாளால் காக்கவேண்டிய எல்லையைத் தாலியாற் காத்தனர். ஆயின் பெண் கொடுத்த வீட்டில் உரிமையும் பிறக்கும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மூன்றாம் தலைமுறைப் பிள்ளை தந்தை வழியிற் சாளுக்கியன். தாய் வழியிற் சோழன். மனைவி வழியிலும் சோழன். அவனுக்கு வேங்கி கிடைத்தால் சோழர்க்கு ஆதரவு. கிடைக்காவிட்டால்?

களத்திற் கிடைத்தவை

வேங்கியின் பொருட்டும் துங்கபத்திரை எல்லையின் பொருட்டும் சோழரும் சாளுக்கியரும் பொருத போர்கள் பல. முதலாம் இராசாதிராசன் கலியாணியை எரித்து, அங்கிருந்து ஒரு வாயிற்காவலர் சிலையைக் கொணர்ந்தான். அதைக் கொணர்ந்த செய்தி அச்சிலையின் அடியிலேயே தமிழில் எழுதப்பட்டுள்ளது. 1054-இற் கொப்பத்தில் நடந்த போரில் அம்மன்னனே யானைமேல் இருந்தவாறு உயிர் துறந்தான். தம்பி இரண்டாம் இராசேந்திரன் அக்களத்திலேயே முடி சூடி, தோல்வியை வெற்றியாக்கினான். அண்ணனின் உடல் ஆறுமுன் தம்பியின் தலையில் முடி. அவ்வீரத்தை எவரும் மறுக்கவியலாது.

அவர்க்கு அடுத்த தம்பியே இத் திருமுக்கூடற் கல்வெட்டின் தலைவனாகிய வீரராசேந்திரன். எதிரே நின்றவன் ஆகவமல்லன் எனப்பட்ட முதலாம் சோமேசுவரன். கூடல் சங்கமம் எனப்படும் களம் கிருட்டிணையும் துங்கபத்திரையும் கூடுமிடம் என்பாரும், துங்கையும் பத்திரையும் கூடுமிடம் என்பாரும் உளர். எதுவாயினும் அஃது ஓர் ஆற்றுக்கூடல். ஆற்றுக்கூடலில் நடந்த போரை மற்றோர் ஆற்றுக்கூடலிற் கல்லில் எழுதி வைத்தனர். அப்போரில் ஆகவமல்லனின் மக்கள் விக்கலனும் சிங்கணனும் புறமுதுகிட்டோடினர் என மெய்க்கீர்த்தி கூறுகிறது. விக்கலன் என்னும் பெயரைக் கேட்போர் நினைவில் நிறுத்துக. விக்கிரமாதித்தன் என்பதன் சுருக்கமே அது.

அம்மெய்க்கீர்த்திகளில் தமிழர் தோள் தட்ட இயலாத வரியும் ஒன்றுண்டு. வேங்கியிற் போரிட்ட சாளுக்கியத் தண்டநாயகன் சாமுண்டராயனின் தலையைக் கொய்த பின்னர், அவன் மகள் நாகலையின் மூக்கையும் அரிந்தனர் என்று அவை பெருமையாகவே எழுதுகின்றன. அவள் வாளெடுத்தவள் அல்லள். தந்தை எதிரியாக இருந்ததே அவள் குற்றம். வீரத்தைப் போற்றும் நாவே இதைப் பழிக்கவும் வேண்டும். பழிக்கத் தவறும் இனம் தன்மீது அக்கொடுமை இழைக்கப்படும்போது முறையிடும் தகுதியை இழக்கிறது.

வாராத பகைவன்

தோல்வியால் நாணிய ஆகவமல்லன், மீண்டும் கூடலிலேயே பொருவோம், வருக என்று வீரராசேந்திரனுக்கு ஓலை விடுத்தான் என்பது மணிமங்கலக் கல்வெட்டு தரும் செய்தி. சோழன் மகிழ்ந்து சென்றான். குறித்த நாளில் எதிரி வரவில்லை. ஒரு திங்கள் காத்திருந்தான்; அப்போதும் வரவில்லை. எதிரி அஞ்சி ஓடினான் என்று கருதி, நாட்டை எரித்து, துங்கபத்திரைக் கரையில் வெற்றித்தூண் நாட்டி, ஆகவமல்லனைப் போல் ஓர் உருவம் செய்து இழிவுபடுத்திவிட்டு, வேங்கியை நோக்கிப் படை திருப்பினான். இது 1067-இல்.

ஆகவமல்லன் ஏன் வரவில்லை? சோழர் கல்வெட்டு அச்சம் என்கிறது. காசுமீரத்திலிருந்து வந்து சாளுக்கிய அவையில் அமர்ந்த பில்கணர் என்னும் புலவர், தம் வடமொழிக் காப்பியத்தில் வேறு செய்தி தருகிறார். ஆகவமல்லன் தீராக் காய்ச்சலில் வீழ்ந்தான். பிழைக்க வழியில்லை எனக் கண்டு துங்கபத்திரையில் இறங்கித் தானே உயிர் நீத்தான். அது 1068 மார்ச்சுத் திங்கள் இறுதியில். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் அறிஞர், நோயே அவனைக் களத்திற்கு வரவொட்டாமல் தடுத்திருக்கலாம் என்பர். எதிரியின் வலிவை அஞ்சியோடியதாக எழுதிக்கொண்டவர்கள், எதிரியின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அறியாதிருந்தனர் போலும். ஒற்றாடலும் தூதும் வள்ளுவரால் தனித்தனி அதிகாரமாக வகுக்கப்பட்டது வீணுக்கன்று.

வேங்கியில் விசயவாடைப் போரில் வென்ற வீரராசேந்திரன் அந்நாட்டை யாருக்குக் கொடுத்தான்? தன் உடன்பிறந்தாள் அம்மங்கையின் மகன், தன் தமையன் மகள் மதுராந்தகியின் கணவன், மூன்று தலைமுறை மணவுறவின் விளைவாகிய இராசேந்திரனுக்கா? இல்லை. பன்னாள் கலியாணியின் துணையால் வேங்கியை நாடிநின்ற விசயாதித்தனுக்கே கொடுத்தான். அவன் இராசராச நரேந்திரனுக்கு மாற்றாந்தாய் மகன். எதிரியின் ஆளைத் தன் ஆளாக்குவது அன்றைய ஆதாயம். சொந்த மருமகன் மனத்திற் புண் உண்டாக்குவது நாளைய இழப்பு. வெற்றிக் களிப்பில் நாளைய கணக்கை எவரும் போடவில்லை.

மருமகனான மாற்றான்

ஆகவமல்லன் மறைந்தபின் கலியாணியின் முடி மூத்த மகன் இரண்டாம் சோமேசுவரனுக்கு வந்தது. இளையவன் விக்கிரமாதித்தன் அதனைப் பொறான். அண்ணனுக்கெதிராகத் துணை தேடினான். யாரிடம்? கூடல் சங்கமத்தில் தன்னைப் புறமுதுகிட ஓட்டியதாகக் கல்லில் எழுதிவைத்த அதே வீரராசேந்திரனிடம்.

வீரராசேந்திரன் அவனை ஏற்றான். கம்பிலியை எரித்தான், விக்கிரமாதித்தனுக்கு இளவரசர்க்குரிய கழுத்தணி பூட்டி, ஏழரை இலக்கம் இரட்டபாடியை அளித்ததாக எழுதிக்கொண்டான். தன் மகளையும் அவனுக்கு மணஞ்செய்து கொடுத்தான். இங்கே திருமுக்கூடல் மதிலில் ஓடிய பகைவனாகக் கிடக்கும் விக்கலன், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சோழமன்னனின் மருமகனாகிவிட்டான்! கல்லில் எழுதிய பகையும் அழியாமலிருக்கிறது. மணவறையிற் செய்த உறவும் நடந்தேறிவிட்டது. இரண்டும் மெய்யே. இரண்டிலும் நிலையானது ஒன்றுமில்லை.

1070-இல் வீரராசேந்திரன் இறந்தான். மகன் அதிராசேந்திரன் முடி சூடினான். நாட்டிற் கலகம் எழுந்தது. மைத்துனனைக் காக்க விக்கிரமாதித்தன் படையுடன் வந்தான் என்றும், காஞ்சியிற் கலகத்தை அடக்கினான் என்றும், கங்கைகொண்ட சோழபுரம் சென்று மைத்துனனை அரியணையில் நிலைநிறுத்தி ஒரு திங்கள் தங்கி மீண்டான் என்றும் பில்கணர் பாடுகிறார். சோழனின் தலைநகரிற் சோழனைக் காக்கச் சாளுக்கியப் படை! ஐம்பதாண்டு எந்தப் படை உட்புகாமல் இருக்கவேண்டுமென்று வேங்கியில் குருதி சிந்தினரோ, அந்தப் படை விருந்தாக அழைக்கப்பட்டு அரண்மனை வாயிலில் நின்றது.

அது துங்கபத்திரை திரும்பிய சின்னாளில் அதிராசேந்திரன் கலகத்திற் கொல்லப்பட்டான். அரியணையில் அமர்ந்தவன் யார்? வேங்கி மறுக்கப்பட்ட மருமகன் இராசேந்திரன். அவனே முதலாம் குலோத்துங்கன். வேங்கியை அவனுக்குக் கொடுக்க மறுத்த குடி, சோழநாட்டையே அவனிடம் இழந்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகக் கூறுதல் வேண்டும். குலோத்துங்கன் தீய மன்னன் அல்லன். சுங்கம் தவிர்த்தான் எனத் தமிழ்நாடு அவனைப் போற்றிற்று. அரை நூற்றாண்டு நாட்டை நடத்தினான். 1077-இற் சீனத்துக்கு 72 பேர் கொண்ட தூதுக்குழு சென்றது. பிறந்த வழியைச் சொல்லி அவனை அயலான் எனத் தள்ளுவது இப்பொழிவின் நோக்கமன்று. நோக்கம் வேறு. வெற்றி மேல் வெற்றியென எழுதிவந்த ஓர் அரசு, உள்வீட்டு உரிமைக் கணக்கைத் தீர்க்கத் தவறியதால், வெளிப்போரில் வென்றதை உட்பகையில் தோற்றது என்பதே கருத்து.

மீண்டும் மாறிய அணிகள்

குலோத்துங்கன் வந்ததும் அணிகள் தலைகீழாயின. சோழனின் மருமகனாகிய விக்கிரமாதித்தன் இப்போது சோழனின் பகைவன். அவனுக்குப் பகைவனாகிய அண்ணன் சோமேசுவரன் இப்போது சோழனின் நண்பன். கிழக்கிலிருந்து குலோத்துங்கனும் வடக்கிலிருந்து சோமேசுவரனும் நெருக்க முனைந்தனர். நடுவில் அகப்பட்ட விக்கிரமாதித்தன் யாதவரையும் போசளரையும் கோவைக் கடம்பரையும் துணைக்கொண்டான். 1076-இல் அண்ணனைச் சிறைப்பிடித்துத் தானே முடி சூடித் தன் பெயரால் ஓர் ஆண்டுமானமும் தொடங்கினான். ஐம்பதாண்டு ஆண்டான்.

இந்த அணிமாற்றத்தின் அலை கடல் கடந்தும் சென்றது. ஈழத்தில் சோழரை எதிர்த்துநின்ற சிங்கள மன்னன் முதலாம் விசயபாகு, சோழநாட்டுக் குழப்பத்தைப் பயன்கொண்டு 1070-ஐ ஒட்டிப் பொலன்னறுவையைக் கைப்பற்றினான். பின்னர்க் கலியாணிக்குத் தூதும் பரிசும் விடுத்தான். சோழனுக்கு வடக்கே இருப்பவனும் தெற்கே இருப்பவனும் நண்பராவது இயற்கையே. அத்தூதர் சோழநாட்டு வழியிற் பிடிபட்டு மூக்கும் காதும் அரியப்பட்டனர் எனச் சூளவமிசம் கூறுகிறது. நாகலைக்கு நேர்ந்ததே தூதர்க்கும் நேர்ந்தது. தூதரைக் கொல்லாமையும் துன்புறுத்தாமையும் எல்லா நாட்டுக்கும் பொதுவான அறம். அவ்வறம் தவறியதால் சோழர் பெற்றது யாது? விசயபாகுவின் சினமும் மறுபடி ஒரு போரும். பின்னாளில் குலோத்துங்கனின் மகள் சுத்தமல்லி, வீரப்பெருமாள் என்னும் சிங்கள இளவரசனுக்கு மனைவியானாள். மூக்கரிந்த கையே மணமாலையும் எடுத்துக் கொடுத்தது.

இறுதி விளைவென்ன? ஈழம் சோழரிடமிருந்து கழன்றது. 1116-ஐ ஒட்டித் தலைக்காட்டைப் போசள விட்டுணுவர்த்தனன் கைப்பற்றக் கங்கபாடி போயிற்று. 1118-இல் விக்கிரமசோழன் தந்தையின் அரியணைக்குத் தெற்கே வர, வேங்கியில் விக்கிரமாதித்தனின் ஆட்சி பரவியது. எந்த வேங்கிக்காக மூன்று மகளிரும் ஒரு மன்னனின் உயிரும் எண்ணற்ற மறவரும் கொடுக்கப்பட்டனரோ, அந்த வேங்கி, கூடலில் ஓடியவன் எனக் கல்லில் எழுதப்பட்டவனின் கைக்கே சென்றது.

அரியணை மாறியது, அரசியல் மாறவில்லை

பெருமக்களே! ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கதை இக்காலத்துக்கு எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். பேரரசர்கள் போயினர், எல்லைகளும் எல்லைக் கணக்குகளும் போகவில்லை. கழிமுக வேங்கியின் இடத்தில் இன்று பாக்குநீரிணையும் அதன் அப்பாலுள்ள தீவும் நிற்கின்றன. அத்தீவைச் சுற்றி இந்தியாவும் சீனமும் பாக்கித்தானும் கணக்கிடுகின்றன. நடுவில் நிற்பவர் தமிழர்.

1964-இல் இலால் பகதூர் சாத்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்பாட்டில், மலையகத் தமிழர் 9,75,000 பேரின் வாழ்வு பங்கிடப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்க்கப்படுவர். பின்னர் 1974-இல் அவர்களும் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டனர். தேயிலைத் தோட்டத்திற் கொழுந்து கிள்ளிய எந்தக் கையும் அந்த உடன்பாட்டிற் கையொப்பமிடவில்லை.

1971 ஏப்பிரலில் இலங்கையில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தபோது சிறிமாவோ அரசுக்கு இந்தியா உதவிற்று. அதே ஆண்டு வங்கப் போர் நெருக்கடியில் பாக்கித்தான் வானூர்திகள் எரிபொருள் நிரப்பிச் செல்லக் கொழும்பு இடந்தந்தது. அதனால் தில்லி கொழும்பைப் பகைத்ததா? இல்லை. 1974-இற் கச்சத்தீவு இலங்கையின் பகுதி என உடன்பாடு செய்தது. 1976-ஆம் ஆண்டு உடன்பாட்டால் அக்கடலில் தமிழக மீனவரின் மீன்பிடி உரிமையும் போயிற்று. அண்டை அரசை அணைத்துக்கொள்ளக் கொடுக்கப்பட்ட விலை இராமேசுவரத்து வலையிலிருந்து எடுக்கப்பட்டது.

1980-களில் ஈழப் போராளிக் குழுக்களுக்கு இந்தியா பயிற்சியும் கருவியும் தந்தது. 1987 சூலை 29-இல் இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் உடன்பாட்டிற் கையொப்பமிட்டனர். அமைதி காக்கச் சென்ற படை, அதே ஆண்டு அக்குதோபரில் விடுதலைப்புலிகளோடு போரிட்டது. பயிற்சி தந்தவரும் பயிற்சி பெற்றவரும் ஒருவரையொருவர் சுட்டனர். 1989-இற் பிரேமதாசா அரசு, இந்தியப் படையை வெளியேற்றும் நோக்கில் விடுதலைப்புலிகளுக்கே கருவி வழங்கிற்று. 1990 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியது. அதே ஆண்டு சூனில் கொழும்பும் புலிகளும் மீண்டும் போர் தொடங்கினர். கூடல் சங்கமத்து விக்கலன் மருமகனானதும், மருமகன் பகைவனானதும் இதைவிட விரைவாக நிகழ்ந்தவை அல்ல. இடையில் யாழ்ப்பாணத்துத் தெருக்களிற் செத்தவர் எந்த அணியிலும் கையெழுத்திடாத மக்கள்.

2009 மே 27 அன்று செனீவாவில், போர் முடிந்த எட்டாம் நாள், ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது. ஆதரித்து வாக்களித்த நாடுகளுள் இந்தியா உண்டு, சீனம் உண்டு, பாக்கித்தானும் உண்டு. எல்லையில் இந்தியாவோடு முறைத்து நிற்கும் இரு நாடுகளும் இந்தியாவும் அன்று ஓரணி. 2012-இல் அமெரிக்கா கொணர்ந்த தீர்மானத்தை ஆதரித்த இந்தியா, 2014-இலும் 2021-இலும் வாக்களியாது ஒதுங்கிற்று. இதற்கிடையில் 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனக் குழுமத்திடம் சென்றது. 2022-இல் பொருளியல் நொடித்த இலங்கைக்கு இந்தியா ஏறத்தாழ 400 கோடி தாலர் அளவுக்கு உதவிற்று. அதே ஆண்டு ஆகத்தில் சீனத்தின் கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டையில் வந்து நின்றது. இரு வல்லரசுக்கு நடுவே வேங்கி எவ்வாறு நடந்துகொண்டதோ அவ்வாறே கொழும்பும் நடந்துகொள்கிறது. அதை இரண்டகம் என்று வைவதிற் பயனில்லை. சிறிய நாடு தன் நலனைப் பார்க்கிறது. பெரிய நாடுகள் தத்தம் நலனைப் பார்க்கின்றன. நலனைப் பார்க்க எவருமில்லாதது தமிழரே.

கற்க வேண்டிய மூன்று

இதிலிருந்து தமிழர் கற்க வேண்டுவன மூன்று.

முதலாவது, அரசுகளின் அன்பை உறவு முறையால் அளக்கற்க. தாய்மாமன் மருமகனைக் கைவிட்டான். தம்பி அண்ணனைச் சிறையிலிட்டான். குருதியுறவுடைய மன்னர்க்கே நிலை இதுவெனின், மடலில் எழுதும் அண்டைநாட்டு நட்புக்கும் பண்பாட்டு உறவுக்கும் எவ்வளவு எடை இருக்கும்?

இரண்டாவது, தன் வலிவை அறியாமல் துணைவலியை நம்பற்க. வினைவலி, தன்வலி, மாற்றான் வலி, துணைவலி என நான்கையும் தூக்கிப் பார்க்குமாறு வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் பணித்தார். துணைவலி அங்கே கடைசியில் வருகிறது. அதிராசேந்திரனுக்கு இருந்தது துணைவலி ஒன்றே. அது துங்கபத்திரைக்குத் திரும்பியதும் அவன் உயிரும் போயிற்று. தமிழர்க்குள் ஒரு குழுவை மற்றொரு குழு அழித்த நாட்களில், வெளித்துணை எத்துணை பெரிதாயினும் காக்கவில்லை என்பதை ஈழமும் காட்டிற்று. உட்பகை தீராத வீட்டுக்கு வெளிநட்பு கூரையாகாது.

மூன்றாவது, தம்மைப் பற்றிய உடன்பாட்டில் தாம் இல்லாதிருக்க ஒப்பற்க. கச்சத்தீவைப் பற்றிப் பேசியபோது மீனவர் இல்லை. மலையகத்தைப் பங்கிட்டபோது மலையகத்தார் இல்லை. 1987-இற் கையெழுத்திட்ட இரு கைகளில் ஈழத்தமிழர் கை இல்லை. அண்டை நாட்டோடு செய்யும் உடன்பாடு எந்த மாநிலத்தின் நிலத்தையும் கடலையும் மக்களையும் தொடுகிறதோ, அம்மாநில மக்களின் ஒப்புதலின்றி அது செல்லாது என்னும் முறை சட்டமாதல் வேண்டும். அதைக் கேட்பது எவர்மீதும் பகை பாராட்டுவதன்று. தன் வீட்டு மதிலை விற்கும்போது தன்னைக் கேட்கச் சொல்வதாகும்.

பெருமக்களே! திருமுக்கூடல் மதிலுக்கு மீண்டும் வருக. ஒரே கல்லில் வெற்றியும் உண்டு, மருத்துவமனையும் உண்டு என்பது தொடக்கத்திற் கூறப்பட்டது. அவ்வெற்றி மூன்றாண்டு நிற்கவில்லை. கூடலில் வென்ற நிலம் போயிற்று, வேங்கி போயிற்று, வென்றவனின் குடியும் போயிற்று. நோயாளரைப் பேணிய அப்பெண்டிர் இருவருக்கும் ஆண்டுக்கு எத்துணைக் கலம் நெல் என்று எழுதிய வரி மட்டும் தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுக்கு மேலாகியும் எவரும் நாணாமற் படிக்கத் தக்கதாக நிற்கிறது.

அரசியற் சூழ்ச்சி வேண்டாவென்பதன்று இதன் பொருள். சூழ்ச்சித்திறம் இல்லாத இனம் பிறர் சூழ்ச்சிக்கு இரையாகும். ஆயின் எந்த உடன்பாட்டையும் எந்த நட்பையும் எந்தப் பகையையும் எடைபோடத் தமிழர் கையில் ஓர் அளவுகோல் இருத்தல் வேண்டும்: அதனால் எத்தனை பேர் வீடு திரும்புவர்? எத்தனை வலை கடலில் அச்சமின்றி விழும்? எத்தனை தாயர் பிள்ளையைத் தேடி அலையாது உறங்குவர்? விடை நன்றாயின் நேற்றைய பகைவனோடும் கைகோக்கலாம். விடை தீதாயின் மூன்று தலைமுறை உறவினனையும் மறுக்கலாம்.

ஆறுகள் கூடுவது நீருள்ள வரைதான். வறண்டபின் ஒவ்வோர் ஆற்றின் கரையையும் அவ்வக் கரையில் வாழ்வோரே காக்க வேண்டும். தமிழர் தம் கரையைத் தாமே காக்கும் ஒற்றுமை பெறுக!